அடுத்த தெரு ஸ்பீக்கரில் நம் குரல்!

(மாவட்டத் தொண்டரணிப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



 

கண்ணியத்திற்குரிய பெரியவர்களே! அருமை இளைஞர்களே! வியாபார நேரத்தில் கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் வணிகச் சகோதரர்களே!

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு கார்ட்லெஸ் மைக்கைப் பற்றியது. சில தம்பிகள் சிரிக்கிறார்கள். மதரஸாவில் ஓதிவிட்டு வந்த ஆலிம் மைக் செட்டைப் பற்றி என்ன பேசப் போகிறார் என்ற சிரிப்பு அது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். மைக் என்பது மைக் செட்காரர் வேலை, நாம் மேடை ஏறிப் பேசினால் போதும் என்று இருந்தவன்தான் நான். ஒரே ஒரு இரவு அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இரண்டு சமுதாயமும் இன்றைக்கும் ஒரே சந்தையில் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டு வாழ்கிறார்கள். அது அப்படியே இருக்கட்டும். கந்துவட்டிக் கொடுமையை எதிர்த்து அந்த ஊரில் நமது பொதுக்கூட்டம். முறைப்படி அனுமதி வாங்கி, ஒலிபெருக்கிக்கும் பத்து மணி வரை அனுமதி வாங்கித்தான் நடத்தினோம். அடுத்த தெருவில் ஒரு கோவில். அங்கே ஆடி மாத விழா. இரண்டு இடத்துக்கும் மைக் செட் ஒருவருடையதே. அவர் மாற்று மதச் சகோதரர், அந்த ஊர்க்காரர், நம் கூட்டங்களுக்கு வழக்கமாக வருபவர்.

இரவு எட்டேகால் மணி இருக்கும். நான் பேசிக்கொண்டிருக்கிறேன். திடீரென்று பின்வரிசையில் சலசலப்பு. திடலின் வாசலில் முப்பது நாற்பது இளைஞர்கள் கோபமாக வந்து நிற்கிறார்கள். நம் தம்பிகளும் எழுந்துவிட்டார்கள். பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள் நான்கு பேர்தான். மேடையில் இருந்த எனக்கு என்ன தெரியும்? கூட்டத்தைத் தடுக்க வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சகோதரர்களே, அல்லாஹ்வை முன்னிறுத்திச் சொல்கிறேன், என் நாக்கின் நுனிக்கு ஒரு சூடான வார்த்தை வந்துவிட்டது.

அந்த நேரத்தில் மைக் செட் அண்ணன் மேடைக்கு ஓடிவந்து என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி சுவிட்சை அணைத்தார். எனக்கு அவர் மீது அப்படி ஒரு கோபம்! இவரும் அவர்களோடு சேர்ந்துவிட்டாரா என்று நினைத்தேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. கோவில் மண்டபத்தில் ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கவில்லை. அவர்களுடைய மைக்கை அணைத்து மேசையில் வைத்துவிட்டார்கள். ஆனால் ரிசீவரும் ஆம்ப்ளிபயரும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஸ்பீக்கர் முழுக்க என் குரல்! கோவில் மண்டபத்துக்குள் ஒரு முஸ்லிமின் பிரசங்கம் ஐந்தாறு நிமிடம் ஒலித்திருக்கிறது. வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், கிளம்பி வந்துவிட்டார்கள். அவர்கள் இடத்தில் நம் இளைஞர்கள் இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

இப்போது சிந்தித்துப் பாருங்கள். என் நாக்கு நுனியில் இருந்த அந்த வார்த்தையை நான் சொல்லியிருந்தால், அது நம் திடலில் மட்டுமா ஒலித்திருக்கும்? கோவில் மண்டபத்திலும் அதே நொடியில் ஒலித்திருக்கும்!

கோவில் தர்மகர்த்தா வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். மைக் செட் அண்ணன் இரு தரப்பையும் வைத்துக்கொண்டு என் மைக்கைப் போட்டார். மண்டபத்தில் சத்தம் வந்தது. அணைத்தார், நின்றது. மூன்று முறை செய்து காட்டினார். அவர் வாங்கிய இரண்டு செட்டும் ஒரே மாடல், ஒரே அலைவரிசை. விற்ற கடைக்காரர் அதைச் சொல்லவில்லை, இவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தர்மகர்த்தா சிரித்துவிட்டார். "பாய், நீங்க வட்டியைப் பத்தித்தானே பேசினீங்க? வட்டிக்கு விடுறவன் எங்க தெருவுலயும் இருக்கான். கேட்டுட்டுப் போகட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் கூட்டம் கலைந்தது. மீதிப் பேச்சை வயர் மைக்கில் பேசி முடித்தேன். என்ன பேசினேன் என்று இன்று வரை எனக்கு நினைவில்லை.

ஏன் இப்படி ஆகிறது?

கார்ட்லெஸ் மைக் என்பது ஒரு சின்ன வானொலி நிலையம். ரிசீவர் என்பது ஒரு வானொலிப் பெட்டி. மைக் எந்த அலைவரிசையில் அனுப்புகிறதோ அதே அலைவரிசையில் ரிசீவர் கேட்கும். இது நம்ம மைக், அது பக்கத்து மண்டபத்து மைக் என்று பெரும்பாலான ரிசீவர்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வாடகை செட்டுகளில் பெரும்பாலும் இருக்கும் எஃப்.எம். முறை மைக்குகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே அலைவரிசையில் இரண்டு மைக் பேசினால், இரண்டில் எது வலுவாக வந்து சேருகிறதோ அதையே ரிசீவர் பிடித்துக்கொள்ளும். நம் மைக் அணைந்திருந்தால் பக்கத்து மைக்குக்குப் போட்டியே இல்லை. இரண்டும் சம வலுவில் இருந்தால் ஊளைச் சத்தம் கேட்கும்.

ரிசீவரில் 'ஸ்கெல்ச்' என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அது வாயிற்காவலன் மாதிரி. இத்தனை வலுவுக்குக் குறைந்த அலையை உள்ளே விடாதே என்று அதில் கட்டளை போடலாம். தூரம் அதிகமாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக நம் ஆட்கள் அதை முழுக்கத் திறந்து வைத்துவிடுகிறார்கள். காவலன் தூங்கிவிட்டால் போகிற வருகிறவரெல்லாம் உள்ளே வருவார்கள். நல்ல செட்டுகளில் 'பைலட் டோன்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. காதுக்குக் கேட்காத ஒரு தொனியை மைக் சேர்த்து அனுப்பும். அந்தத் தொனி வந்தால்தான் ரிசீவர் வாய் திறக்கும். கொஞ்சம் விலை கூடுதல். பள்ளிவாசலுக்கு வாங்குகிறவர்கள் அந்தக் கூடுதலைப் பார்க்காதீர்கள்.

மூன்று தக்பீரா, ஏழு தக்பீரா?

இன்னொன்று சொல்கிறேன். இது நம் வீட்டுக்குள் நடந்தது. ஒரு பெருநாள் காலை. ஒரே ஊரில் இரண்டு திடலில் தொழுகை. ஏன் இரண்டு என்று கேட்காதீர்கள், அதற்கு இன்னொரு முகாம் நடத்த வேண்டும்! ஒரு பக்கம் ஹனஃபி ஜமாஅத், முதல் ரக்அத்தில் கூடுதல் தக்பீர் மூன்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஏழு தக்பீர் சொல்லும் சகோதரர்கள். இரண்டு இமாமின் காலர் மைக்கும் ஒரே சேனல்.

ஹனஃபி ஜமாஅத்தின் ரிசீவரை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? திடலின் கடைசியில், மைக் செட் வேனுக்குள். இமாமுக்கும் ரிசீவருக்கும் நடுவே ஆயிரம் பேர் நிற்கிறார்கள். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது இந்த அலையை உறிஞ்சிவிடும். ஆனால் அந்த வேன் நிற்பதோ அடுத்த திடல் இமாமுக்குப் பக்கத்தில்! மூன்று தக்பீர் முடிந்து இமாம் கிராஅத் தொடங்கிவிட்டார். பின்வரிசை ஸ்பீக்கரில் நான்காவது, ஐந்தாவது தக்பீர் வருகிறது! பின்னால் நிற்கிறவர்கள் கையை உயர்த்துகிறார்கள். ஸஜ்தாவில் நிலைமை இன்னும் மோசம். நெஞ்சில் குத்திய மைக்கும் இடுப்புப் பெட்டியும் உடம்புக்கும் தரைக்கும் நடுவே போய்விட்டால் இருக்கிற கொஞ்ச வலுவும் போய்விடும். அந்த இமாம் எழுந்தால் இவர்களும் எழுந்தார்கள். நாம் சுவர் வைத்துப் பிரிந்து நின்றாலும், மைக் நம்மை ஒரே இமாமுக்குப் பின்னால் நிறுத்திவிட்டது.

அதனால் ரிசீவரை இமாமுக்கு அருகில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். தூரத்துக்குப் போக வேண்டியது வயரில் போகட்டும். தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலு நான்கில் ஒன்றாகிவிடும். தலைகளுக்கு மேலே ஆண்டெனா உயர்ந்து நிற்கட்டும். இரண்டு ஆண்டெனா உள்ள ரிசீவர் என்றால் இரண்டையும் ஆங்கில 'வி' எழுத்து போல விரித்து வையுங்கள். ஒன்றில் விட்டுப்போவது மற்றொன்றில் கிடைக்கும். இரும்பு ராக்குக்குள், ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் மறைத்து வைக்காதீர்கள். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தத் திரையே ஒரு இரைச்சல் எந்திரம். ரிசீவரை அதை ஒட்டி வைக்காதீர்கள்.

பேச்சாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள், எனக்கும் சேர்த்துத்தான். ஆவேசம் வந்ததும் மைக்கின் அடிப்பாகத்தை இறுக்கிப் பிடிக்கிறோம். பல மைக்குகளுக்கு ஆண்டெனா அங்கேதான் இருக்கிறது. நாம் கர்ஜிக்கிற நேரம் பார்த்து சத்தம் விட்டு விட்டுப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். காலர் மைக் பெட்டியையும் கைப்பேசியையும் ஒரே பையில் போடுவதும் கூடாது.

காலியான பள்ளியில் சோதித்தால் போதுமா?

வியாழன் இரவு சோதித்தோம் ஹஜரத், அருமையாக இருந்தது, ஜும்ஆவில் காலை வாரிவிட்டது என்கிறார்கள். வியாழன் இரவு பள்ளியில் யார் இருந்தார்கள்? மோதினாரும் நீங்களும். வெள்ளிக்கிழமை எண்ணூறு பேர், எண்ணூறு கைப்பேசி. இப்போது மலிவாக வருகிற காலர் மைக்குகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்பவை. அந்த அலைக்கு உரிமம் தேவையில்லை. அதனாலேயே வைஃபை, புளூடூத் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. சின்ன அறையில் பாடம் பதிவு செய்ய அது போதும். ஆயிரம் பேர் கூடும் இடத்துக்கு அதை நம்பாதீர்கள்.

பெரிய கூட்டங்களுக்கு யு.எச்.எஃப். செட்டு நல்லது. ஆனால் பழைய செட்டு வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கம் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 2022ல் நடந்த 5ஜி ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் அலை விற்கப்பட்டது. அந்தப் பிரிவில் 703 முதல் 748 வரை கைப்பேசி பேசுவதற்கு, 758 முதல் 803 வரை கோபுரம் பேசுவதற்கு. பல ஆண்டு நன்றாக ஓடிய மைக் இப்போது ஏன் இரைகிறது என்று கேட்பவர்கள், உங்கள் மைக்கின் எண் இதற்குள் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழுந்தால் மெக்கானிக்கிடம் கொடுத்துப் பயனில்லை. செட்டை மாற்றுவதுதான் வழி.

நான்கைந்து மைக் வைக்கிற கூட்டங்களில் ஒரு கணக்கு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் வேறு வேறு எண் வைத்தும் இரைகிறதே என்பார்கள். 520ல் ஒரு மைக், 521ல் ஒரு மைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், யாரும் வைக்காத இரண்டு நிழல் அலைகள் பிறக்கும். 521ஐ இரண்டால் பெருக்கி 520ஐக் கழியுங்கள்: 522. அதே போல் மறுபக்கம் 519. மூன்றாவது மைக்கை அழகாக வரிசைப்படுத்தி 522ல் வைத்தீர்களானால் நிழல் அதன் தலையில் உட்காரும். அதை 522.6க்கு நகர்த்திவிட்டால் மூன்றும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. சம இடைவெளி வேண்டாம் என்பதுதான் விஷயம். செட்டோடு வரும் புத்தகத்தில் ஒன்றாக வேலை செய்யும் சேனல்களைக் குழு குழுவாகப் போட்டிருப்பார்கள். ஒரே குழுவிலிருந்து எடுங்கள். அந்தப் புத்தகத்தை வாங்கிய அன்றே எறிந்துவிடுவதுதான் நம் பழக்கம்!

சோதிக்கும் முறையும் தலைகீழாக இருக்கிறது. முதலில் நம் மைக் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ரிசீவரை மட்டும் போடுங்கள். யாருமே பேசாதபோது அதில் சிக்னல் விளக்கு எரிந்தால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வேறு சேனலுக்குப் போங்கள். பிறகு மைக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒருவர் மேடை முழுக்க நடந்து பேசிப் பார்க்கட்டும். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். கூட்டத்தின் இடைவேளையில் மைக்கை அணைத்தால், மிக்சரில் அதன் சத்தத்தையும் இறக்கிவிட வேண்டும். அந்தக் கோவில் மண்டபத்தில் இந்த ஒன்றைச் செய்திருந்தால் அன்றைக்கு எதுவும் நடந்திருக்காது.

பேட்டரி புதிதாக இருக்கட்டும். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

வணிகச் சகோதரர்களுக்கு

எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த செய்தி உங்களுக்குத் தெரியும். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்டார்கள். ஒரே அலைவரிசை செட்டு இரண்டை ஒரே ஊர்க்காரருக்கு விற்கும்போது அதைச் சொல்லாமல் இருப்பது எந்த வகை? 700க்கு மேல் உள்ள பழைய சரக்கைத் தள்ளிவிட்டால் போதும் என்று பள்ளிவாசல் முத்தவல்லியின் தலையில் கட்டுவது எந்த வகை? பில்லில் விலையோடு அலைவரிசை எண்ணையும் எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு ஒரு பேனா கோடுதான் செலவு.

சட்டத்தையும் கவனியுங்கள். அலைவரிசையைப் பங்கிடுவது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யு.பி.சி. பிரிவு. உரிமம் தேவையில்லாத கருவிக்குக்கூட இ.டி.ஏ. என்ற சான்று வேண்டும். இறக்குமதி செய்கிறவர்கள் அந்தச் சான்று இல்லாத சரக்கைத் தொடாதீர்கள்.

தொண்டர் தம்பிகளே, இது உங்களுக்கு. மாநாட்டில் ஒழுங்குபடுத்த வாக்கி டாக்கி வேண்டும் என்று சிலர் ஆன்லைனில் வாங்குகிறீர்கள். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்திக் கருவிக்கு மட்டும்தான் உரிமத்திலிருந்து விலக்கு. மற்றதற்கு உரிமம் வேண்டும். முறையாக விவரம் சொல்லாமல் வாக்கி டாக்கி விற்றதற்காக ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கே 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. வேறு யாரிடமாவது இந்தக் கருவி பிடிபட்டால் அது அபராதச் செய்தி. நம் தம்பியிடம் பிடிபட்டால் மறுநாள் பத்திரிகையில் என்ன தலைப்பு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆர்வக் கோளாறால் ஒரு குடும்பத்தை நீதிமன்ற வாசலில் நிறுத்திவிடாதீர்கள். நிகழ்ச்சியில் கைப்பேசி போதும். அதுவும் இல்லாவிட்டால் கால் இருக்கிறது, நடந்து போய்ச் சொல்லுங்கள்.

மேல்மாடியில் தொழுகிறவர்கள்

கடைசியாக ஒன்று. மைக் நின்றால் கீழே இருக்கிற ஆண்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. முன்வரிசையைப் பார்த்து ருகூஉ செய்துகொள்வார்கள். மேல்மாடியில் திரைக்குப் பின்னால் தராவீஹ் தொழுகிற நம் தாய்மார்களுக்கு அந்த ஸ்பீக்கர் ஒன்றுதான் இமாம். அது நின்றால் அவர்கள் ஸஜ்தாவிலேயே கிடக்கிறார்கள், அல்லது ஒருவரை ஒருவர் பார்த்துக் குழம்புகிறார்கள். ஒரு ரமளானில் என் தாயார் தொழுகை முடிந்து வந்து, இமாம் எத்தனை ரக்அத் தொழுதார் என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

மைக் வருவதற்கு முன்பே மார்க்கம் இதற்கு வழி வைத்திருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் நோயுற்றிருந்து உட்கார்ந்து தொழுவித்தபோது, அவர்களின் தக்பீரை மக்களுக்குக் கேட்கும்படி எடுத்துச் சொன்னவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்கள். கார்ட்லெஸ் வந்தவுடன் நாம் முகப்பிர் என்ற அந்தப் பொறுப்பையே மறந்துவிட்டோம். இனி இமாமுக்கு முன்னால் ஒரு வயர் மைக் எப்போதும் உயிரோடு இருக்கட்டும். முதல் வரிசையில் உரத்த குரல் உள்ள ஒருவர் பெயர் சொல்லி நியமிக்கப்பட்டிருக்கட்டும். மாடிப்படியில் ஒரு சிறுவன் நிற்கட்டும். குத்பா நேரத்தில் மைக் தகராறு செய்தால் நாலா பக்கமும் இருந்து சத்தம் போடாதீர்கள். குத்பாவின்போது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து பேசாதே என்று சொல்வதே வீண் பேச்சு என்று நபிமொழி இருக்கிறது. யார் எழுந்து போய்ச் சரிசெய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

இங்கே வந்திருக்கும் ஒவ்வொரு கிளையும் இன்று போகும்போது ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் பள்ளியில், உங்கள் மைக் செட்காரரிடம் எத்தனை கார்ட்லெஸ், ஒவ்வொன்றின் எண் என்ன என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் சுற்றியுள்ள கல்யாண மண்டபம், கோவில், சர்ச், பள்ளிக்கூடம், அடுத்த ஜமாஅத் ஆகியவற்றின் எண்கள். அதை எப்படித் தெரிந்துகொள்வது? நேரில் போய்க் கேட்டுத்தான். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் தலைவரும் செயலாளரும் போய், "எங்களுக்கு வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறது, உங்கள் மைக் எந்த எண்ணில் இருக்கிறது, இடைஞ்சல் வராமல் எங்களுடையதை மாற்றிக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். அதற்காக ஒரு டீ குடித்துவிட்டு வந்தாலும் தவறில்லை. நான் சொன்ன அந்த ஊரில் இப்போது விழாவுக்கு முன்னால் அவர்கள் ஆள் அனுப்பி நம் எண்ணைக் கேட்கிறார்கள். மைக் செட் அண்ணன் ஒரு செட்டில் சிவப்பு நாடாவும் இன்னொன்றில் மஞ்சள் நாடாவும் ஒட்டி வைத்திருக்கிறார்.

நோட்டின் இரண்டாம் பக்கம் காலியாக இருக்கும் கிளைக்கு அடுத்த பொதுக்கூட்டத்துக்கு நான் பேச வர மாட்டேன். இதை மாவட்டச் செயலாளர் குறிப்பில் எழுதிக்கொள்ளட்டும்.